யாரும் தொடாமலே முறிந்த ஸ்டட்

ஸ்டட் முறிந்துவிட்டது என்று தகவல் வந்தால் நம் துறையில் எல்லோர் வாயிலும் முதலில் வருவது ஒரே கேள்விதான்: "எவன்யா முறுக்கினது?" போன மாதம் உங்களில் ஒருவர் என் எதிரிலேயே இதைக் கேட்டார். வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்காது. குரலில் அவ்வளவு உறுதி. ஓய்வு பெற்றவன் என்பதால் நான் வாயைத் திறக்காமல் காப்பியைக் குடித்தேன். இப்போது பேசச் சொல்லி நீங்களே கூப்பிட்டுவிட்டீர்கள். சொல்லிவிடுகிறேன்.

நானும் ஒருமுறை அந்தக் கேள்வியைக் கேட்டேன். பத்து நிமிடத்தில் பதிலையும் நானே சொன்னேன். அந்தப் பதிலை டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, நாலு பேர் முன்னால் வாசித்தும் காட்டினேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. விஷயம் மட்டும் முழுக்கத் தவறு.

அறுபதுகளின் தொடக்கம். புதுக்கோட்டை அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. டீசல் இன்ஜின் விற்கும் ஓர் ஏஜென்ஸியில் சர்வீஸ் இன்ஜினியராக இருந்தேன். வயது இருபத்து மூன்று. கல்லூரியை விட்டு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடி, மடிப்புக் கலையாத பேன்ட், கையில் ஏஜென்ஸியின் சின்ன டைப்ரைட்டர். கையால் ரிப்போர்ட் எழுதுவது வயசானவர்கள் வேலை என்று எனக்கு ஓர் எண்ணம். கெட்டுப்போன இன்ஜின் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து தட்டுவேன். அந்தச் சத்தத்துக்கே பாதிப் பேர் நான் சொல்வதை ஒப்புக்கொண்டுவிடுவார்கள்.

மணமேல்குடிப் பக்கம், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், எங்கள் வாடிக்கையாளரின் ஐஸ் ஆலை ஒன்று இருந்தது. வல்லங்கள் கொண்டுவரும் மீனும் இறாலும் அந்த ஐஸில்தான் காரைக்குடிக்கும் திருச்சிக்கும் போகும். ஆலை முழுக்க ஒரே ஒரு பெரிய இன்ஜினை நம்பி இருந்தது. அது நின்றால் ஐஸ் உருகும், ஐஸ் உருகினால் மீன் நாறும். அந்த இன்ஜினை ஓட்டிய டிரைவர் செல்லையா. அப்போது அவருக்கு நாற்பது இருக்கும். கறம்பக்குடிப் பக்கத்து ஊர்க்காரர். இன்ஜின் அறையை ஒட்டிய ஒற்றை அறையில் மனைவியோடு குடியிருந்தார். ஐஸ் உடைத்து மூட்டை கட்டும் வேலையில் அடைக்கி என்று ஓர் அம்மாள். முதலாளி வெள்ளை வேட்டிக்காரர். சத்தம் அதிகம் போடுவார், கெட்டவர் இல்லை.

ஸ்டட் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டோர்ஸ் பிரிவிலிருந்து வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்காக ஒரு வரி. சிலிண்டரின் மேல்மூடியை நாம் ஹெட்டு என்கிறோம். அந்த மூடியை இன்ஜின் உடம்போடு அழுத்திப் பிடிப்பவை, இரண்டு முனையிலும் மரை போட்ட தடித்த கம்பிகள். கீழ்முனை உடம்புக்குள் திருகியிருக்கும், மேல்முனையில் நட்டு. நட்டை முறுக்க முறுக்கக் கம்பி விறைத்து இழுபடும். இன்ஜின் ஓடினாலும் நின்றாலும் அந்த இழுப்பு மட்டும் ஓயாது. இதைப் பரீட்சையில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கியவன் நான்.

அந்த இன்ஜினில் ஆறு ஸ்டட். கம்பெனியிலிருந்து வந்தவை கொஞ்சம் மெத்தென்ற இரும்பு. சில வாரங்களில் லேசாக நீண்டு கொடுக்கும், மூடியின் ஓரத்தில் தண்ணீர் கசியும். வெள்ளிக்கிழமை அங்கே வல்லங்கள் கடலுக்குப் போவதில்லை. அன்று மத்தியானம் இன்ஜினுக்கும் சில மணி நேரம் ஓய்வு. செல்லையா அந்த நேரத்தில் ஸ்பேனரை எடுத்து ஆறு நட்டையும் ஒரு சுற்று பார்ப்பார். கால் திருகு, அரைத் திருகு. அதோடு அந்த வாரக் கதை முடிந்தது.

முதல் தடவை போனபோது நான் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.

"என்னண்ணே, வாராவாரம் எண்ணெய் தேச்சு விடுற மாதிரில்ல இருக்கு?"

"அது அப்புடித்தான் தம்பி. கொஞ்சம் எளகும், நம்ம கொஞ்சம் இழுத்துப் புடிக்கணும். மூணு வருசமா ஓடுதுல்ல?"

"எளகுற இரும்ப வச்சுக்கிட்டு என்னத்தண்ணே பண்றது? நான் போட்டுத் தர்றேன் பாருங்க. இனிமே நீங்க அந்த ஸ்பேனரத் தொடவே வேணாம்."

"தொடாட்டி எனக்கு வெள்ளிக்கிழம பொழுது போவாதே" என்றார். அடைக்கி அம்மாள் வாய்க்குள் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

முறிந்துபோன லாரி ஆக்சில் ஒன்றை வாங்கினேன். அது உயர்ந்த ரக எஃகு. புதுக்கோட்டை டவுனில் ஒரு லேத்துப் பட்டறையில் கொடுத்து எட்டு ஸ்டட் கடைய வைத்தேன். போடுவதற்கு ஆறு, கைவசம் இரண்டு. சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கச் சொன்னேன். பட்டறைக்காரர் ஒரு வார்த்தை சொன்னார்:

"இன்னொரு தரம் லேசா சூடு காட்டி எறக்கிருவோம் சார். இல்லாட்டி கண்ணாடி மாதிரி நிக்கும்."

"நிக்கட்டுமே. கண்ணாடி மாதிரி நிக்கிறதுதான் எனக்கு வேணும்."

ஒரு ஸ்டட்டை எடுத்து அரத்தால் இழுத்துப் பார்த்தேன். அரம் வழுக்கிக்கொண்டு போனது, கீறல்கூட விழவில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஆலையில் ஆறையும் நானே மாட்டினேன். ஸ்பேனரின் கைப்பிடியில் ஒரு பைப்பைச் செருகி, உடம்பின் முழு எடையையும் போட்டு இறுக்கினேன். கடைசியில் சிவப்புப் பெயின்டால் ஒவ்வொரு நட்டின் தலையிலிருந்தும் மூடிவரை ஒரு கோடு இழுத்தேன். நட்டை யாராவது நூல் அளவு திருப்பினாலும் கோடு இரண்டு துண்டாகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

"இது எதுக்கு தம்பி?" என்று கேட்டார் செல்லையா.

"நீங்க தொடலங்கறதுக்குச் சாட்சி."

கேலியாகத்தான் சொன்னேன். பெயின்ட் அடித்தபோது நான் உட்கார்ந்திருந்தது உப்பு மூட்டைமேல். ஐஸ் அச்சுகளைக் குளிரவைக்கும் தொட்டியில் உப்புத் தண்ணீர்தான் ஊற்றுவார்கள், அதற்காக மூட்டை மூட்டையாக உப்பு வரும். கடலோரக் காற்றில் உப்பு கசிந்து கட்டிதட்டிப் போகும். ஆலையிலேயே காய்ந்த இடம், சூடான இடம், இன்ஜினின் பக்கம்தான். அதனால் மூட்டைகளை இன்ஜினுக்கு ஒரு முழ தூரத்தில் அடுக்கிவைப்பது அங்கே வழக்கம். புத்திசாலித்தனமான வழக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அடைக்கி ஒவ்வொரு தடவை மூட்டையை அவிழ்க்கும்போதும் வெள்ளையாக ஒரு தூசி எழும்பி இன்ஜின்மேல் படியும். நான் அதைப் பார்த்தேன். கைக்குட்டையால் கறுப்புக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

ஆறு வாரம் ஒரு சொட்டுத் தண்ணீர் கசியவில்லை. முதலாளி மற்ற ஆலைக்காரர்களிடம் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசினாராம். என் நடை கொஞ்சம் மாறியது என்று ஏஜென்ஸியில் சொன்னார்கள்.

ஏழாவது வாரம் ஒரு திங்கட்கிழமை காலை. இன்ஜினைக் கிளப்பிச் சில நிமிடத்தில் ஒரு ஸ்டட் படாரென்று முறிந்து, மேல்துண்டு நட்டோடு பறந்து சுவரில் அடித்தது. மூடி தூக்கிக்கொண்டது, தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கியது. ஐஸ் இல்லாமல் இரண்டு லாரி இறால் வீணானது. நான் போய்ச் சேர்ந்தபோது ஆலை வாசலிலேயே நாற்றம் வந்தது.

முறிந்த நேரத்தில் செல்லையா இன்ஜின் பக்கத்தில் நின்றிருக்கிறார். கையில் ஸ்பேனர். எண்ணெய் வடிக்கும் திருகாணியை இறுக்க எடுத்ததாகச் சொன்னார். முதலாளி கேட்ட முதல் கேள்வி, நீங்கள் கேட்ட அதே கேள்வி. அவர் என்னைப் பார்த்தார். நான் செல்லையாவைப் பார்த்தேன்.

"முறுக்குனீங்களாண்ணே?"

"இல்ல தம்பி. தொடக்கூடாதுன்னு நீங்கதான கோடு போட்டுட்டுப் போனீங்க?"

"பழக்க தோஷத்துல..."

"இல்லன்னா இல்ல தம்பி."

முறிந்த மேல்துண்டு எங்கேயோ உருண்டிருந்தது. நான் தேடவில்லை. மற்ற ஐந்து கோடும் அப்படியே இருந்தன. முறிந்ததன் கோட்டை மட்டும் பார்க்க வழியில்லை. என் மூளை ஓடிய விதம் இதுதான்: இந்த எஃகு முறியாது, முறிந்திருக்கிறது, ஆகவே யாரோ அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள், கையில் ஸ்பேனரோடு நின்றவர் ஒருவர்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு மூன்று வரி டைப் அடித்தேன், இங்கிலீஷில். டிரைவர் அளவுக்கு மீறி முறுக்கியதால் ஸ்டட் முறிந்தது என்று. முதலாளி கேட்டதால் அதைத் தமிழில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். கையிருப்பிலிருந்த ஒரு ஸ்டட்டை மாட்டி, அதற்கும் சிவப்புக் கோடு போட்டுவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அன்றே செல்லையாவை அனுப்பிவிட்டார்கள். அறையையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எனக்கு இது தெரியும். தெரிந்தும் அந்த வாரம் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமையைத் தாண்டி வந்த சனிக்கிழமை காலை ஏஜென்ஸிக்கு ஆள் வந்தான். இன்னொரு ஸ்டட் முறிந்துவிட்டதாம். உடனே கிளம்பச் சொன்னார் மானேஜர்.

முதலாளி வாசலிலேயே காத்திருந்தார்.

"அந்தப் பய வேலையக் காட்டிட்டான் எஞ்சினியர் தம்பி. ஆள் இல்லாத நேரம் பாத்து உள்ள வந்து முறுக்கிட்டுப் போயிருக்கான். ஸ்டேசனுக்குச் சொல்லி அனுப்பப் போறேன். நீங்க அன்னைக்கு மாதிரியே ஒரு ரிப்போட்டு அடிச்சுக் குடுங்க, அதையும் சேத்து வச்சுருவோம்."

"எப்ப முறிஞ்சுச்சு?"

"யாருக்குத் தெரியும்? நேத்து மத்தியானம் இன்ஜின் நிப்பாட்டியிருந்துச்சு. சாயங்காலம் புது டிரைவர் வந்து பாத்தா நட்டு கீழ கெடக்கு."

பின்னால் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த அடைக்கி நிமிர்ந்தாள்.

"எனக்குத் தெரியும் மொதலாளி. மத்தியானம் உப்பு அள்ள வந்தேன். இன்ஜின் நின்னுதான் கெடந்துச்சு. டப்புன்னு தேங்கா ஒடைச்ச மாதிரி ஒரு சத்தம். இங்கிட்டும் அங்கிட்டும் பாத்தேன், ஒரு ஈ காக்கா இல்ல."

"ஒனக்கு என்ன தெரியும் இன்ஜினப் பத்தி? போயி வேலையப் பாரு."

"இன்ஜினப் பத்தித் தெரியாது. காது இருக்குல்ல?"

ஓடாத இன்ஜினில், யாரும் தொடாதபோது, ஸ்டட் தானாக முறிந்திருக்கிறது. நான் படித்த கணக்கு எதிலும் இது அடங்கவில்லை. முதலாளி காகிதம் எங்கே என்று டைப்ரைட்டர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு மணி நேரம் குடுங்க மொதலாளி" என்றேன்.

"எதுக்கு? போன தடவ பத்தே நிமிசத்துல குடுத்தீங்க?"

நான் இன்ஜின் அறைக்குள் போனேன்.

இந்தத் தடவை முறிந்த துண்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். இழுபட்டு மெலிந்த அடையாளம் எதுவும் இல்லை, சுண்ணாம்புக்கட்டி உடைந்த மாதிரி நறுக்கென்று இருந்தது. உடைந்த முகத்தின் ஓரத்தில், மரையின் பள்ளத்தை ஒட்டி, பிறை போல ஒரு பகுதி மட்டும் துரு ஏறிக் கறுத்திருந்தது. மிச்சம் புது வெள்ளிபோல மின்னியது. நேற்று உடைந்த இரும்பில் பழைய துரு எப்படி வரும்? பல நாளாக உள்ளே ஒரு விரிசல் மெதுவாக நடந்து வந்திருக்கிறது. தாங்குவதற்கு மீதி போதாமல் போன நிமிடத்தில் மீதியும் போய்விட்டது. அந்த நிமிடத்தில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததா, எவர் கையில் ஸ்பேனர் இருந்தது என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

மீதி ஐந்து நட்டின் சிவப்புக் கோடும் முடி அளவு விலகாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் கழற்றினேன். ஐந்து ஸ்டட்டையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். பிறகு வெளியில் எடுத்து உலரத் துடைத்து, சாக்பீஸைப் பொடித்துத் தூவினேன். விரிசல் இருந்தால் அதற்குள் போயிருக்கும் மண்ணெண்ணெய் மெல்ல வெளியே வரும், வெள்ளைத் தூளில் கறுப்பாகக் கோடு காட்டும். கல்லூரியில் ஒரு நாள் செய்துகாட்டினார்கள். அதற்குப் பிறகு எனக்கு அது தேவைப்பட்டதே இல்லை. எனக்குத்தான் எல்லாம் பார்த்தவுடன் தெரிந்துவிடுமே.

கொஞ்ச நேரத்தில் ஒன்றில் கோடு தெரிந்தது. அடுத்து இன்னொன்றில். ஐந்தில் மூன்றில் தெரிந்தது.

என் தோளுக்குப் பின்னால் அடைக்கி எட்டிப் பார்த்தாள்.

"என்ன தம்பி இது, தலமயிரு ஒட்டுன மாதிரி?"

"விரிசல்."

"யாரு பண்ணுனது?"

துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டேன். அவள் உப்புக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

யார் பண்ணியது என்று அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது. மூன்று பேர் ஒன்றாகக் கூடினால்தான் இந்த வேலை நடக்கும். ஒன்று, அளவு மீறிக் கடினமாக்கிய எஃகு. இரண்டு, ஓயாத இழுப்பு. மூன்று, உப்பும் ஈரமும். பழைய ஸ்டட் மெத்தென்று இருந்ததால் உப்பு பட்டு மேலே துருப்பிடித்தது, இழுப்பில் நீண்டது, தண்ணீர் கசியவிட்டு ஆளைக் கூப்பிட்டது. நான் போட்டது நீளவும் இல்லை, கசியவும் இல்லை. மரையின் பள்ளத்தில் தங்கிய உப்பு ஈரம் உள்பக்கமாகக் கீறிக்கொண்டே போயிருக்கிறது. மூவரில் உப்பை ஊர் கொண்டுவந்தது. மற்ற இருவரையும் கூட்டிவந்தது நான். கடினத்தைத் தணிக்க இரண்டாம் முறை சூடு காட்டச் சொன்ன பட்டறைக்காரரை நிறுத்தியதும் நான், பைப் செருகி இறுக்கியதும் நான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். நீங்களும் ஒரு நாள் இங்கே வந்து நிற்பீர்கள். அறையில் நான் மட்டும். கையில் துடைக்கும் துணி. மூன்று வெள்ளைக் கம்பி, மூன்று கறுப்புக் கோடு. ஒரே இழுப்பில் துடைத்துவிட்டால் அவை வெறும் கம்பிகள். ஸ்டட்டெல்லாம் மாற்றிவிடலாம், ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம் என்று முதலாளியிடம் பக்குவமாகப் பேசலாம். செல்லையா ஏற்கெனவே போய்விட்டார், அவருக்கு இதைவிட என்ன ஆகிவிடப் போகிறது என்றும் ஒரு நினைப்பு வந்தது. நான் துடைக்கவில்லை. அதற்கு என் நேர்மை காரணம் என்று சொல்ல மாட்டேன். அடைக்கி பார்த்துவிட்டாள். அவள் பார்த்திருக்காவிட்டால் என்ன செய்திருப்பேன் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

முதலாளி உள்ளே வந்தார். கம்பிகளைக் காட்டினேன். கழற்றுவதற்கு முன் கோடெல்லாம் கலையாமல் இருந்ததைச் சொன்னேன்.

"அப்ப யாருமே முறுக்கலயா? பெறகு எப்புடி ஒடைஞ்சுச்சு?"

"உப்பு மொதலாளி."

"உப்பா? பொறந்ததுலேருந்து இங்க உப்புலதான்யா கெடக்கோம். நாங்க ஒடைஞ்சா போயிட்டோம்?"

"நான் போட்ட எஃகு அப்புடி. அளவுக்கு மிஞ்சி கடினமா பண்ணிட்டேன். உப்புப் பட்டா அது உள்ளுக்குள்ளயே விரியும். பழச போட்டிருந்தா கசிஞ்சிருக்கும், முறிஞ்சிருக்காது. மூட்டையவும் அந்தச் செவுத்துப் பக்கம் மாத்தணும்."

அவர் கம்பியை எடுத்து விரலால் தடவினார். விரலில் சாக்பீஸ் ஒட்டியது.

"அன்னைக்கு வாசிச்சீங்களே, அது?"

"தப்பு."

முதலாளி கம்பியைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "அவன் பொண்டாட்டி வாசல்ல நின்னு, அவரு பொய் சொல்ல மாட்டாருங்கன்னு அழுதுச்சு. நான் கதவச் சாத்திட்டேன். நீங்களே போயி அவனக் கூட்டியாங்க. எனக்கு மூஞ்சி இல்ல."

கம்பெனியின் பழைய ரக ஸ்டட்டுகளை வரவழைத்து மாட்டிவிட்டு, மூன்று நாள் கழித்துக் கறம்பக்குடி பஸ்ஸில் ஏறினேன். அங்கிருந்து இரண்டு மைல் நடை. விசாரித்ததில் தெரிந்தது: செல்லையா கடலோரத்தில் இருந்த மற்ற ஆலைகளிலெல்லாம் வேலை கேட்டிருக்கிறார். என் மூன்று வரி அவருக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. இன்ஜினை ஒடைக்கிற டிரைவர் எதற்கு என்று சொல்லியிருக்கிறார்கள்.

செல்லையா தன் மைத்துனரின் கொல்லையில் கமலை இறைத்துக்கொண்டிருந்தார். மாடுகள் சரிவில் இறங்க, கிணற்றிலிருந்து தோல்பை மேலே வந்து வாய்க்காலில் கொட்டியது. என்னைப் பார்த்தும் மாட்டை நிறுத்தவில்லை.

"வாங்க எஞ்சினியரே. இது ஸ்டட்டு இல்லாத இன்ஜினு. எதாச்சும் ஒடைஞ்சா மாட்டத்தான் கேக்கணும்."

வரப்பிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். எஃகு, சூடு, பைப், உப்பு, சாக்பீஸ். அவர் நாலைந்து முறை தண்ணீர் இறைத்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மாட்டை நிறுத்தினார்.

"நின்ன இன்ஜின்ல ஒடைஞ்சுச்சா?"

"ஆமாண்ணே. அடைக்கி சத்தம் கேட்டிருக்கு."

"அது காதுக்குத் தப்பாது." லேசாகச் சிரித்தார். உடனே சிரிப்பு போய்விட்டது. "இத யாருட்டச் சொன்னீங்க?"

"மொதலாளிட்ட. வாங்கண்ணே, அவரே வரச் சொன்னாரு."

"தம்பி, எம் பேர நாறடிச்சது தாள்ல. அது ஊரு ஊராப் போயிருச்சு. இப்ப நீங்க சொல்றது வாயில. இந்தக் கொல்லயத் தாண்டுமா?"

"நான் ஏஜென்ஸிக்கு எழுதுறேன்..."

"அங்க போயி எழுத வேணாம். இங்க எழுதுங்க. இங்கிலீசு வேணாம், நான் படிக்கிற மாதிரி எழுதுங்க."

என் டைப்ரைட்டருக்குத் தமிழ் தெரியாது. பையிலிருந்து ஏஜென்ஸி பெயர் அச்சடித்த தாளை எடுத்தேன். வரப்பில் குந்தி, முழங்காலில் அட்டையை வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தேன். முதலாளியிடம் வாயால் சொன்னபோது வராத பயம் அப்போதுதான் வந்தது. அந்தத் தாள் மானேஜர் கைக்குப் போனால் என் வேலை போகலாம். செல்லையாவுக்கும் அது புரிந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. என் சங்கடத்தைக் குறைக்கவும் இல்லை. மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

எழுதிக் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து வாசித்தார்.

"ஸ்டட்டு சரியில்லன்னு எழுதியிருக்கு. அதச் செய்யச் சொன்னது யாருன்னு காணோமே?"

வாங்கி என் பெயரைச் சேர்த்தேன்.

"பட்டறைக்காரரு சூடு காட்டணும்னு சொன்னாருன்னீங்களே?"

அதையும் சேர்த்தேன்.

"செல்லையா நட்டத் தொடலன்னு ஒரு வரி."

எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன். அதேபோல இன்னொரு பிரதி எழுதச் சொன்னார். ஒன்று அவருக்கு, ஒன்று ஏஜென்ஸிக்கு. இரண்டாவதை நானே மானேஜர் மேஜையில் வைத்தேன். வேலை போகவில்லை. எட்டு மாதம் ஸ்டோர்ஸில் உட்காரவைத்தார்கள், வாடிக்கையாளர் பக்கமே அனுப்பவில்லை. நான் எடுத்த முடிவுகளிலேயே மாட்டின் பக்கத்தில் குந்தி எடுத்தது அது ஒன்றுதான். அதற்காக வருத்தப்பட்டதில்லை.

உங்களுக்குச் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். உடைந்த பாகம் கையில் இருக்கும்போது ஆளைத் தேடாதீர்கள். முதலில் உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். துரு எவ்வளவு பழையது என்று கேளுங்கள். அந்த இடத்தில் இழுப்பு எவ்வளவு, எஃகு எவ்வளவு கடினம், சுற்றி என்ன தூசி பறக்கிறது என்று பாருங்கள். கடினமானதெல்லாம் பலமானது இல்லை. ரிப்போர்ட் சீக்கிரம் வந்துவிட்டது என்று யாராவது பாராட்டினால் அன்று மட்டும் கொஞ்சம் பயப்படுங்கள்.

அன்று செல்லையா தாளை நாலாக மடித்து இடுப்பு மடியில் செருகிக்கொண்டார்.

"கெளம்புங்கண்ணே, ரெண்டு மணி பஸ்ஸப் புடிச்சுருவோம்" என்றேன்.

"நீங்க போங்க தம்பி. நான் நாளைக்குக் காலைல பஸ்ஸுல வாரேன்."

"ஏண்ணே, சேந்தே போயிருவோமே?"

"சேந்து எறங்குனா, நீங்க கூட்டியாந்து விட்ட மாதிரி இருக்கும்" என்றார். "நான் தொடலன்னு சொல்லத்தான போறேன். நானாப் போறேன்."

மாட்டை மறுபடி ஓட்டினார். நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.